சும்மா போகிற சூடு

பெரியம்மா எங்கள் வெந்நீர்க் குழாயின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனது ஓர் ஐப்பசி மாதக் காலையில். கழற்றியது ஸ்பானரால். என் ஸ்பானர். "கொஞ்சம் குடு கண்ணு, ஊஞ்சல் கொக்கி லூசா இருக்குது" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கைப்பிடியை எடுத்ததைக்கூட என்றாவது ஒருநாள் மறந்துபோவேனோ என்னவோ. என் ஸ்பானரையே கேட்டு வாங்கினாரே, அதை மறக்கவே மாட்டேன்.

எங்கள் வீடு காஞ்சிபுரத்தில் தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில் இருக்கிறது. கீழ்வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, கூடம் நிறையத் தறிகள். மாடியில் நாங்கள் மூன்று பேர். அதற்கும் மேலே மொட்டைமாடியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சோலார் வெந்நீர்த் தொட்டி. அதை ஒட்டி, தகரம் போட்ட பெரியம்மாவின் சாயக் கொட்டகை. பட்டு நூலுக்குச் சாயம் போடுவது பெரியம்மாவின் சொந்தத் தொழில். அப்பா நெய்வது பெரியப்பாவின் தறியில், பெரியப்பா கொடுக்கிற நூலில். அதனால் எங்கள் வீட்டில் கீழ்வீட்டை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேச வேண்டியதை எல்லாம் அப்பா தறியில் ஓங்கி ஓங்கி அடித்துத் தீர்த்துக்கொள்வார். அவர் நெய்கிற புடவைகள் அழுத்தமாக இருக்கும் என்று கடைக்காரர்கள் பாராட்டுவார்கள். காரணம் எனக்குத் தெரியும்.

அம்மா ஏனாத்தூர் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் சமையல் செய்கிறார். பிள்ளைகள் எழுந்திருப்பதற்குள் இட்லி வெந்திருக்க வேண்டும். அதனால் வீட்டில் முதலில் எழுந்து, முதலில் குளித்து, முதல் பஸ்ஸைப் பிடிப்பது அம்மாதான். வந்த வினையெல்லாம் அந்த 'முதலில்' என்பதால் வந்தது.

மழைக்காலம் ஆரம்பித்ததும் கீழ்வீட்டுக் குழாயில் வெந்நீர் வெதுவெதுப்பாக வர ஆரம்பித்தது. சோலார் என்றாலும், வெயில் இல்லாத நாளுக்கென்று தண்ணீரைச் சூடாக்கத் தொட்டிக்குள் ஒரு மின்சாரக் காயில் உண்டு. அதன் சுவிட்ச் பெரியம்மாவின் சமையலறையில். சாயங்காலம் போட்டு, தண்ணீர் கொதித்ததும் அணைத்துவிடுவார். சாயங்காலம் கொதித்த தண்ணீர் விடியற்காலையில் ஆறிப்போயிருந்தால் யாரோ எடுத்திருக்க வேண்டும். யார் முதலில் குளிக்கிறது?

"மேல மகாராணி அண்டா அண்டாவா ஊத்திக்கினு போயிட்டா, கீழ இருக்கிறவங்க நடுங்கிக்கினு குளிக்கணுமா?" மாடிப்படியின் கீழே நின்று பெரியம்மா கேட்டார்.

"ஒரு பக்கெட்டுதான் அக்கா ஊத்திக்கிறேன்."

"ஒரு பக்கெட்டாம்மா! அந்தத் தொட்டித் தண்ணியில தெருவையே குளிப்பாட்டலாம். ஒரு பக்கெட்டுல ஆறிப்போயிடுமா அது?"

அதோடு போயிருந்தால் வழக்கமான வீட்டுச்சண்டை. போகவில்லை. தெருமுனையில் பூ விற்கிற அக்காவிடம் பெரியம்மா ஒரு கதை கட்டிவிட்டார். அம்மா யார் யார் வீட்டுப் பட்டு நூலையோ ரகசியமாக வாங்கி, எங்கள் பொதுத் தொட்டியின் வெந்நீரில் வேகவைத்து, அதிலுள்ள பசையை நீக்கிக் கொடுத்துச் சம்பாதிக்கிறாராம். வேலைக்குப் போவதாகச் சொல்வதே அதை மறைக்கத்தானாம். பூக்கார அக்கா அதை அம்மாவிடமே கேட்டார், பஸ் ஸ்டாப்பில், நாலு பேர் நிற்கும்போது: "இன்னாமா, பட்டு வேலையும் பாக்குறியாமே? நமக்கும் ஒரு சிட்டம் நூலு வேகவச்சுக் குடேன்."

அம்மா அன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஏனாத்தூர் வரைக்கும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போயிருக்கிறார். அழவில்லை, மழைத்தண்ணி என்று என்னிடம் சொன்னார். ஜன்னல் கண்ணாடி மூடியிருந்த பஸ்ஸில் என்ன மழைத்தண்ணி?

அதற்கு மறுநாள்தான் கைப்பிடி போனது. மொட்டைமாடியில் எங்கள் வீட்டுக்குக் கிளை பிரிகிற இடத்தில் ஒரு வால்வு, அதைத் திருகி மூடி, கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவந்த பெரியம்மா, எங்கள் வாசலில் நின்று சொன்னார்: "இனிமே வெந்நீர் வேணும்னா கேளு. கேட்டுட்டுத் தொறக்கணும்."

நான் மெக்கானிக்கல் படித்தவள். கைப்பிடி இல்லாத வால்வைத் திறக்க எனக்கு ஒரு கட்டிங் பிளையர் போதும். எடுத்துக்கொண்டு படியேறிவிட்டேன். அம்மா பின்னாலேயே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம்டி. அப்புறம் திருடிக் குளிச்சான்னு ஆயிடும். அவ கழட்டினா, அவளே கொண்டாந்து மாட்டட்டும்."

"மாட்டுவாங்களா? கனவு காணாதம்மா."

"மாட்டற வரைக்கும் நான் பச்சைத்தண்ணியில குளிச்சுக்கிறேன்."

கேஸ் அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீர் வைத்துத் தருகிறேன் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. அடுப்பில் காயவைத்தால், வெந்நீருக்கு ஏங்குகிறாள் என்று கீழே நினைத்துக்கொள்வார்களாம். ஐப்பசி மழையில், இருட்டு விலகாத நேரத்தில், குளியலறைக்குள் அம்மா சொம்பு சொம்பாக வேகவேகமாய் ஊற்றிக்கொள்கிற சத்தமும், முதல் சொம்புக்கு மூச்சை இழுக்கிற சத்தமும் எனக்குப் படுக்கையில் கேட்கும். ஒவ்வொரு நாளும் அந்த மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். அப்படி எழுந்தால் மனசு எப்படி இருக்கும்? கீழ்வீட்டுக் கூரையைப் பிய்த்துப் போட வேண்டும் போல இருக்கும். கீழ்வீட்டுக் கூரைதான் எங்கள் வீட்டுத் தரை என்பதால் சும்மா இருந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் கிளை மூடிய பிறகும் கீழ்வீட்டு வெந்நீர் ஆறித்தான் வந்தது. இது போதாதா? போதவில்லை. "எதையாவது வச்சுத் திருகித் திருட்டுத்தனமாத் தொறக்கிறாங்க. படிச்ச பொண்ணு இருக்குது இல்ல, சொல்லிக் குடுத்திருக்கும்" என்றார் பெரியம்மா. இப்போது நானும் திருடி.

அன்றுதான் எனக்குள் கோபத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆர்வம். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றின் நேர்காணலை முடித்துவிட்டு, அழைப்பு வருமா வராதா என்று போனைத் தடவிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம், சூடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போகிறது என்பது. சூடு காணாமல் போகாது. எங்கேயோ போயிருக்கும். எங்கே?

சாயங்காலத் தூறலில் மொட்டைமாடிக்குப் போனேன். கீழே பெரியம்மா காயில் சுவிட்சை அணைத்திருந்தார். யாரும் எந்தக் குழாயையும் திறக்கவில்லை. தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. நல்லது, தொட்டிக்குள்ளே பஞ்சு மாதிரி அடைத்திருப்பார்கள், சூட்டை வெளியே விடாது. பிறகு குழாயைத் தொட்டேன். சுட்டது!

யாரும் திறக்காத குழாய் ஏன் சுட வேண்டும்?

குழாய் போகிற வழியைக் கண்ணால் பின்தொடர்ந்தேன். தொட்டியின் தலையிலிருந்து புறப்பட்டு நேராக மேலே ஏறுகிறது. ஆள் உயரத்தில் சாயக் கொட்டகைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. அங்கே ஒரு கிளை கீழே குளியலறைகளுக்கு இறங்குகிறது. இன்னொரு கிளை கைப்பிடிச்சுவர் ஓரமாகவே வந்து தொட்டியின் அடிவயிற்றில் மறுபடி சேர்கிறது. அந்தத் திரும்புகிற கிளை பெரியம்மாவின் ஏற்பாடு. குழாயைத் திறந்ததும் காத்திருக்காமல் வெந்நீர் கொட்ட வேண்டும் என்று பிளம்பரிடம் சொல்லிப் போட்டது. மொத்தமும் வெறும் இரும்பு. மேலே ஒரு சாக்குத்துணிகூடச் சுற்றவில்லை.

இதில் பம்பே வேண்டாம். சூடான தண்ணீர் லேசானது, தானாக மேலே ஏறும். வெறும் இரும்பில் போகப் போக ஆறிக் கனமாகும், இறங்கும், தொட்டியின் அடிக்குத் திரும்பும். அதன் இடத்துக்கு அடுத்த சூடு ஏறும். யாரும் குளிக்காவிட்டாலும், வீடே தூங்கினாலும், சத்தமே இல்லாமல் தொட்டி தன் சூட்டை மொட்டைமாடிக் காற்றுக்கு ஊற்றிக்கொண்டே இருக்கும். எனக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனாலும் ஒரு கணக்கு இடித்தது. வெறும் காற்று இவ்வளவு வேகமாகவா குடிக்கும்?

குழாயைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். கொட்டகைக்குள் நுழைகிற இடத்தில் விரலை வைக்க முடியவில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், வெளியே வருகிற இடத்தைத் தொட்டேன். ஆறிப்போயிருந்தது. உள்ளே போகும்போது நெருப்பு, வெளியே வரும்போது பச்சைத்தண்ணி. கொட்டகை பூட்டியிருந்தது. தகர இடுக்கில் கண்ணை வைத்தேன்.

அரக்கு நிறத்தில் பட்டு நூல் சிட்டங்கள், சாயத் தொட்டியிலிருந்து எடுத்து முறுக்கிப் பிழிந்த ஈரத்தோடு, குழாய் நெடுகிலும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிசாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வழக்கமான மூங்கில் கழிகள் காலியாகக் கிடந்தன.

எல்லாம் புரிந்தது. சாயம் போட்ட பட்டு நூலை வெயிலில் காயவைக்கக் கூடாது. நிழலில் கழியில் போட்டு உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் அது லேசில் உலராது. ஊரில் சாயம் போடுகிற எல்லோரும் ஐப்பசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது, பெரியம்மா மட்டும் சொன்ன நாளுக்கு நூல் கொடுப்பார். 'மழையிலயும் வாக்குத் தவறாதவ' என்று அவருக்குக் கடைத்தெருவில் பெயர். அந்தப் பெயரை அவர் கொண்டை மாதிரி நிமிர்த்தி வைத்துக்கொண்டு நடப்பார். அது எங்கள் வெந்நீரில் காய்ந்த பெயர். ஈரத் துணி காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். விடிவதற்குள் தொட்டி வெதுவெதுப்பாகிவிடும். அம்மா ஒரு பக்கெட் எடுத்துக்கொண்டு போனதும், பழி.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். கீழே இறங்கி இப்போதே கத்துகிறேன் என்றேன்.

அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அரிவாள்மணையை விட்டு எழவில்லை. "நீ சொன்னா, தகரத்துல கண்ணை வச்சு வேவு பாத்தான்னு உன்னைப் பேசுவாங்க. பூக்காரிகிட்ட ஒரு வாய் சொல்லுச்சு இல்ல? அந்த வாயே வந்து சொல்லட்டும்."

எனக்கு என் அம்மாவை அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. நான் கோபக்காரி. அம்மா அதைவிட மோசம்.

வழியைப் பெரியம்மாவே திறந்துவிட்டார். அந்த வருடம் அவர் மகளுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை வருகிறார். சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் கீழ்க்கூடத்தில் உட்கார்ந்து பலகாரப் பேச்சு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவுக்குக் காபி கொண்டுபோனேன்.

"மாப்ளைக்குக் காலையில சுடச்சுடத் தண்ணி வேணும்" என்றார் பெரியம்மா. என்னைப் பார்த்ததும் குரலை ஏற்றினார். "நம்ம இஞ்சினியரம்மாவ எதுனா பண்ணச் சொல்லலாமா? அவ்ளோ வருஷம் படிச்சுட்டு வீட்டுல குந்திக்கினு இருக்குது. வெந்நீர் அண்டாவுக்காவது உதவட்டுமே அந்தப் படிப்பு."

கூடம் சிரித்தது. தறிக்குழியில் அப்பாவின் அடி ஒன்று ஓங்கி விழுந்தது.

"பண்றேன் பெரிமா" என்றேன். "சூடு ஒரு இம்மி வெளிய போகாமப் பண்ணிடறேன். ஆனா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க. அப்புறம் வேணாம்னு சொல்லக் கூடாது."

"நான் ஏன்டி வேணாம்னு சொல்லப் போறேன்?"

"கரெக்ட். நீங்க ஏன் சொல்லப் போறீங்க."

ஹார்டுவேர் கடையில் போய், ஏசி குழாய்க்கு மாட்டுகிற கறுப்பு ஃபோம் உறை வேண்டும் என்றேன்.

"எந்த ஊட்டுக்குமா ஏசி?" என்றார் கடைக்காரர்.

"ஏசி இல்லண்ணா. வெந்நீர்க் குழாய்க்கு."

"வெந்நீருக்குக் குளிர்ப்பொட்டியோட சட்டையா? நல்லா இருக்குது போ."

"சட்டைக்கு என்னண்ணா தெரியும், உள்ள சூடா குளிரான்னு? உள்ள இருக்கிறதை உள்ளயே வைக்கும். அவ்ளோதான்."

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. பெரியம்மா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, பெரியப்பாவிடம் கொட்டகைச் சாவி கேட்டேன். அவருக்குக் கொட்டகைப் பக்கம் போகிற வழக்கமே இல்லை. தறியும் கணக்கும்தான் அவர் உலகம். தலையை நிமிர்த்தாமல் சாவியை நீட்டினார். "நல்லாப் பண்ணு. உங்க பெரிமா சொன்னா."

கொட்டகைக்குள் குழாயைப் பார்த்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இரும்பின் மேல் சாயம் அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. அரக்கு, அதன் கீழே மயில்கழுத்து, அதற்கும் கீழே கிளிப்பச்சை. எத்தனை மழைக்காலம்! போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கை துறுதுறுத்தது. அம்மாவுக்கு வேண்டியது படம் இல்லை. போனைப் பையில் போட்டேன்.

அந்த வேலையை நான் எவ்வளவு ஆசையாகச் செய்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். உறையை நீளவாக்கில் கீறி, குழாயின் மேல் மாட்டி, கீறல் கீழ்ப்பக்கம் வரும்படி திருப்பி, இழுத்து ஒட்டினேன். மேலே கீறல் இருந்தால் மழைத்தண்ணி உள்ளே இறங்கும். நனைந்த உறை, உறையே இல்லாததைவிடக் கேடு. குழாய் திரும்புகிற முட்டிகளில் உறையைச் சாய்வாக வெட்டி, இரண்டு துண்டும் ரவிக்கைத் தோள் மாதிரி சேர்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். வெளிப்பக்கம் வெயில் படுகிற இடத்துக்கு வெள்ளை டேப். கடைசியாக, தொட்டிக்குத் திரும்புகிற கிளையில் இருந்த வால்வை மூடினேன். சுற்றுவழி அடைந்தது, இனி சூடு ஊர்வலம் போக முடியாது. கீழே குழாயைத் திறந்தால் முதல் அரை பக்கெட் ஆறின தண்ணீர் வரும், பிறகு கொதிக்கும். அவ்வளவுதான் நஷ்டம். அந்த வால்வின் கைப்பிடியையும் கழற்றி எடுத்துக்கொண்டேன். எந்த ஸ்பானரால் என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் சாயங்காலம், பிழிந்த நூலைத் தோளில் சுமந்துகொண்டு பெரியம்மா மொட்டைமாடிக்கு ஏறினார். நான் எங்கள் வாசலில் உட்கார்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பூ தொடுக்க வராது. அன்றைக்கு மட்டும் தொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தோளில் அதே நூலோடு இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார்.

"எப்படி பெரிமா இருக்குது?"

"ம்."

"ஒரு இடம் விடாமச் சுத்திட்டேன். கொட்டகைக்குள்ளகூட."

"பாத்தேன்."

"எதுனா குறை இருந்தாச் சொல்லுங்க."

வாயைத் திறந்தார். கீழே மாப்பிள்ளையின் குரல் கேட்டது. அன்று மதியமே வந்திருந்தார். மூடிக்கொண்டார். அந்த வாய் திறந்து மூடியதை நான் எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் இனிக்கிறது. மகளின் முதல் தீபாவளி, புது மாப்பிள்ளை. தீபாவளி முடிந்த கையோடு ஒரு முகூர்த்தப் புடவைக்குக் கொடுக்க வேண்டிய அரக்கு நூல் கையில் ஈரமாக. வெளியே விடாத மழை. நல்லாயிருக்கு என்றும் சொல்ல முடியாது, எடு என்றும் சொல்ல முடியாது.

தீபாவளி விடியலில் தெருவே வெடித்துக்கொண்டிருந்தது. கீழே மாப்பிள்ளை முதல் ஆளாகக் குளிக்கப் போனார். "அம்மாடி! கை வைக்க முடியல மாமா, கொதிக்குது!" என்று உள்ளிருந்து கத்தினார். அவருடைய அந்தக் கூச்சலை எங்கள் வீட்டில் மூவரும் தலையில் எண்ணெயோடு கேட்டோம். அம்மா என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. எங்கள் குழாய்க்கு இன்னும் கைப்பிடி இல்லை.

மாப்பிள்ளை புது வேட்டியோடு சரவெடியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். நாங்கள் வெடிச்சத்தத்தை எதிர்பார்த்தோம். வேறு சத்தம் கேட்டது.

"அத்தை! இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

நாங்கள் ஓடினோம். கீழிருந்து பெரியப்பாவும் அவர் மகளும் ஏறி வந்தார்கள். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே முக்காலி மேல் பெரியம்மா. நெற்றியில் எண்ணெய் வழிகிறது. கையில் நூல் அறுக்கிற பிளேடு. என் கறுப்பு உறை துண்டு துண்டாகக் காலடியில் கிடக்கிறது. கழுத்தில் மாலை மாதிரி ஈர அரக்கு நூல். அதன் சாயம் வழிந்து வெள்ளை ரவிக்கை ஒரு பக்கம் சிவந்திருக்கிறது.

"பிச்சுப் போடறியே, பைத்தியமாடி உனக்கு?" என்றார் பெரியப்பா. "பொண்ணு கஷ்டப்பட்டுச் சுத்தியிருக்குது. தண்ணி எப்படிக் கொதிக்குது பாரு!"

"இதைச் சுத்திட்டா நூலு எப்படிக் காயும்?" என்று பெரியம்மா கத்தினார்.

கத்திவிட்டார். தெருவில் ஒரு சரம் வெடித்து ஓய்ந்தது. மாப்பிள்ளைதான் கேட்டார், பாவம், நிஜமாகவே தெரியாமல்: "குழாய்க்கும் நூலுக்கும் இன்னா சம்பந்தம் அத்தை?"

"குழாய் சூட்டுலதான் எப்பவும் காயவைக்கிறது. சும்மா போற சூடுதானே! யாருக்கு நஷ்டம்?"

சும்மா போகிற சூடு. அதைத்தான் அவர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது. குழாய் சுடுவது குழாயின் சுபாவம், அதில் நாலு சிட்டம் போட்டால் யாருக்கு என்ன குறையப்போகிறது என்று. தெரிந்தும் நான் இரங்கவில்லை. அவருக்குத் தெரியாமல் போனது சூடு. என் அம்மா பட்டு வேகவைத்துச் சம்பாதிக்கிறாள் என்ற கதை தெரியாமல் வந்ததா?

நான் பேச வாயெடுத்தேன். எனக்கு முன்னால் அப்பா பேசினார். அண்ணன் முன்னால் அவர் முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

"அண்ணி. கைப்பிடிய எடுத்தாந்து மாட்டுங்க."

பெரியப்பா தம்பியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், குழாயில் படிந்திருந்த அரக்கையும் மயில்கழுத்தையும் கிளிப்பச்சையையும் பார்த்தார். "போய் எடுத்தா" என்றார். அவ்வளவுதான். அவர் குரலை உயர்த்தவில்லை, மாப்பிள்ளை இருக்கிறாரே.

பெரியம்மா கைப்பிடியைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையை நீட்டவில்லை.

"மாட்டிட்டுப் போங்க அக்கா."

வால்வு முன்னால் குனிந்து, கைப்பிடியைப் பொருத்தி, நட்டை விரலால் திருகிப் பார்த்தார். இறுகவில்லை. நிமிராமலே என் பக்கம் கையை நீட்டினார்.

"அந்த ஸ்பானரைக் கொஞ்சம் குடு."

"எதுக்கு பெரிமா? ஊஞ்சல் கொக்கிக்கா?"

மாப்பிள்ளைக்கு அதன் அர்த்தம் தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரியும். கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

அம்மா அன்றைக்கு வெந்நீரில் குளித்தார். விடுதிக்கு விடுமுறை. அவ்வளவு நேரம் அவர் குளித்து நான் பார்த்ததில்லை. கதவிடுக்கில் ஆவி வெளியே வந்து, எங்கள் கூடத்துக் கண்ணாடி மங்கிப்போனது. ஈரக்கூந்தலில் துண்டைச் சுற்றாமல், புதுப்புடவையோடு வெளியே வந்து, தெருவுக்கு இறங்குகிற பக்கப்படியை விட்டுவிட்டுக் கீழ்வீட்டுக் கூடத்தின் வழியாகவே நடந்து, "வாங்க அக்கா, தெருமுனைல பூ வாங்கிட்டு வரலாம்" என்று பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா போனார். நானும் பின்னால் போனேன், விடுவேனா?

பூக்கார அக்கா இருவரையும் சேர்த்துப் பார்த்து வியந்தார். "இன்னாமா, ரெண்டு பேரும் ஒண்ணா? வெந்நீர் தகராறு தீந்துடுச்சா?"

அம்மா முழம் போடுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலை அவர் சொல்லப்போவதில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

"அது... குழாய்ல கோளாறு" என்றார் பெரியம்மா.

"குழாய்லயா அக்கா?" என்றார் அம்மா, மெதுவாக.

பெரியம்மா மல்லிகைக் கூடையைப் பார்த்தார். "நான்தான் நூலு காயப் போட்டிருந்தேன். அதுல ஆறிப்போச்சு. இவ மேல ஒண்ணும் இல்ல."

"அடிப்பாவி" என்றார் பூக்கார அக்கா. "நான் நாலு பேர்கிட்ட வேற சொல்லித் தொலைச்சேன். இனிமே அத்தனை பேர்கிட்டயும் இதை வேற சொல்லணும்." முகத்தில் அலுப்பு துளியும் இல்லை.

பெரியம்மா பிய்த்துப் போட்ட இடத்தில் மறுநாளே புது உறை சுற்றிவிட்டேன். அரக்கு நூல் அந்த வாரம் சொன்ன நாளுக்குப் போகவில்லை. மழையில் வாக்குத் தவறாதவர் தவறினார். அடுத்த மழையில் மாடிப்படி ஏறி எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"அந்தத் திரும்புற குழாயைச் சாயங்காலத்துல கொஞ்ச நேரம் மட்டும் தொறந்து விடறியா? கொட்டகைக்குள்ள மட்டும் உறையை எடுத்துடறேன்."

அந்த வால்வின் கைப்பிடி இப்போது அம்மாவின் சாவிக்கொத்தில் தொங்குகிறது. பஸ்ஸில், விடுதிச் சமையலறையில், எல்லா இடத்திலும் அம்மாவின் இடுப்பில் அது கிலுங்குகிறது. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தொறக்கலாம் அக்கா. நான் ஊட்டுல இருக்கிற நாள்ல வாங்க. கேட்டுட்டுத் தொறக்கணும், இல்ல?"

வாரத்தில் ஒருநாள்தான் அம்மாவுக்கு விடுமுறை.

உண்மையில் அவருக்கு வெந்நீர்க் குழாயே தேவையில்லை. கொட்டகையின் ஒரு பக்கம் மின்விசிறி வைத்து, எதிர்ச்சுவரின் மேல்பக்கம் தகரத்தில் ஒரு திறப்பு வெட்டி, ஈரக்காற்று வெளியே போக வழிசெய்தால், மழையிலும் நூல் இப்போதைவிடச் சீக்கிரம் உலரும். அந்த வழியை நான் எப்போதோ கண்டுபிடித்துவிட்டேன். ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிற வழியில் அடிக்கடி அதை நினைத்துக்கொள்வேன், காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்று அம்புக்குறி போட்டு.

பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அவர் ஸ்பானரைக் கேட்ட மாதிரி இதையும் என்னிடம் கேட்கட்டும். அப்போதும் சொல்ல மாட்டேன்.